குணலட்சுமி ரீச்சர் சொன்ன பொய்

குணலட்சுமி இணுவிலில் பிறந்து இணுவிலிலேயே வாழ்க்கைப்பட்டவர். பக்கத்து ஊரில் ஓலைத் தட்டிகளால் வகுப்புகள் பிரித்த சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்தார். பிள்ளையைச் சேர்க்க வருகிற தாய்மார், "மூண்டாம் வகுப்பெண்டால் குணலட்சுமி ரீச்சரிட்டை விடுங்கோ" என்று கேட்பார்கள். அவருடைய வகுப்பில் வாய்ப்பாடு ஒருவருக்கும் பிழைக்காது. கொப்பியில் அவர் சிவப்பு மையால் போடும் ‘சரி’ கூட ஒரே அளவில் விழும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு மறுபடி சண்டை மூண்ட பிறகு வாய்ப்பாடு பிழைக்கத் தொடங்கியது. பிள்ளைகள் காலை வேளையிலேயே வாங்கில் தலை வைத்துத் தூங்கினார்கள். பொம்பர் விமானம் இரைந்தால் எல்லாரும் வளவுக்குள் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் ஓடுவார்கள். வெளியே வந்த பின்பும் சிலருக்குப் பென்சில் பிடிக்க வராது. சும்மா இருந்த பிள்ளை திடீரென்று பக்கத்துப் பிள்ளையைக் கடித்தது. குணலட்சுமி முதலில் அடித்துப் பார்த்தார். பிறகு வீட்டுக்கணக்கைக் கூட்டிக் கொடுத்தார். ஒன்றும் சரிவரவில்லை.

அதிபராக இருந்தவர் ஐசாக், உடுவில்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஒருநாள் ஆசிரியர்களைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார்.

"காலமை வந்தவுடனை படிப்பைத் தொடங்காதேங்கோ. பிள்ளையளைச் சுத்தி இருத்தி, ஆளுக்கொரு நல்ல செய்தி சொல்லச் சொல்லுங்கோ. பூனை குட்டி போட்டதெண்டாலும் காரியமில்லை. மற்றது, ஒவ்வொரு பிள்ளையின்ரை வீட்டையும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. வீட்டைத் தெரியாமல் பிள்ளைக்குப் படிப்பிக்கேலாது."

கணக்குப் பாடத்தில் அரைவாசி நேரம் போகப்போகிறதே என்று குணலட்சுமிக்கு எரிச்சல் வந்தது. ஆனால் சில கிழமைகளில் அவரே மாறிவிட்டார். செய்தி சொல்லிவிட்டு எழும்புகிற பிள்ளைக்குக் கணக்கும் வந்தது. கடித்த பிள்ளை கடிப்பதை விட்டது. நாளடைவில் இந்தக் ‘காலைக் கதை’யை அவரைப்போல நடத்த ஆளில்லை என்று ஆயிற்று. மற்ற ஆசிரியர்களை அவருடைய வகுப்பில் வந்து பார்க்கும்படி ஐசாக் அனுப்பினார்.

அந்த வகுப்பில்தான் சுகந்தமலர் இருந்தாள். தகப்பன் பனையேறிக் கள்ளுச் சீவுகிறவர். தொழிலுக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்து செத்துப்போனார். தாய் இரத்தினம்மா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினாள். தகப்பன் செத்ததன் பின் சுகந்தமலர் வாய் திறக்கவே இல்லை. பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவாள்.

குணலட்சுமி அவளை அவசரப்படுத்தவில்லை. காலைக் கதையில் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். பங்கருக்குள் அவளை மடியில் வைத்துக் காதைப் பொத்தினார். ஒரு பள்ளித் தவணை முடியும் தறுவாயில் ஒருநாள், வட்டம் சுற்றி அவளிடம் வந்தபோது, "எங்கடை ஆடு குட்டி போடப்போகுது" என்றாள். வகுப்பே கைதட்டியது. ஐசாக் சேர் அடுத்த வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் விடாமல் கதைத்தாள். வாசிப்பில் முதல் பிள்ளையானாள். வாசிக்கும்போது பந்தி முடிகிற இடத்தில் நின்று ரீச்சரின் முகத்தைப் பார்ப்பாள். ரீச்சர் தலையாட்டினால்தான் அடுத்த பந்திக்குப் போவாள்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு பின்னேரம் குணலட்சுமி அவளுடைய வீட்டுக்குப் போனார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே போனபோது முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. ரீச்சர் இருக்க, எங்கேயோ இரவல் வாங்கிய கதிரை ஒன்று போட்டிருந்தார்கள். இரத்தினம்மா நின்றுகொண்டே கதைத்தாள். பிள்ளையைக் கதைக்க வைத்ததற்கு நன்றி சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு இளநீர் வெட்டப் புறப்பட்டாள்.

அந்த ஊரில் அது வழக்கம். தோட்டக்காணி உள்ள வெள்ளாள வீட்டார் கள்ளுச் சீவுகிற சாதியார் வீடுகளில் தேநீர் குடிப்பதில்லை. மரத்திலிருந்து இறக்கிய இளநீரில் ஒருவர் கையும் பட்டிருக்காது என்பதால் அதைக் குடிப்பார்கள். ‘இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்?’ என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளாள வீட்டுப் பெண்ணான குணலட்சுமியும் அப்படிச் சொல்கிறவர்தான்.

ஆனால் தாய் மரத்தடிக்குப் போக முதலே சுகந்தமலர் குசினியிலிருந்து வந்துவிட்டாள். கையில் தேநீர்ப் பேணி. பேணிக்குக் கீழே தட்டம். தட்டத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டி. சீனி கிடைக்காத நாட்கள். பேணி அலம்பிச் சிந்தாமல் இருக்க, நாக்கைக் கடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்து வந்தாள்.

"நான்தான் ஊத்தினனான் ரீச்சர். ஆட்டுப்பால் விட்டது."

இரத்தினம்மா கத்தியோடு அப்படியே நின்றாள். "ஏய், ஆர் உன்னைக் கேட்டது?" என்று மெல்லச் சொன்னாள்.

குணலட்சுமியின் கை எழும்பவில்லை. யாரும் பிடித்து வைக்கவில்லை. பார்க்கிறதற்கும் அங்கே ஊரார் ஒருவரும் இல்லை. சிறுவயதிலிருந்து பழகிப்போன கை அது. அவருடைய வாய் தானாகவே ஒரு சாக்குப்போக்கைத் தேடிப் பிடித்தது.

"எனக்கு வயிறு சரியில்லை பிள்ளை. இண்டைக்கு ஒண்டும் குடிக்கேலாது. நீ குடி."

பிள்ளை முகம் வாடவில்லை. "வயித்துக்குத்தோ ரீச்சர்?" என்று கவலையோடு கேட்டாள். குணலட்சுமி அவளுடைய தலையைத் தடவிவிட்டு அவசரமாக வெளிக்கிட்டார்.

அடுத்ததாகப் போனது அதே ஒழுங்கையின் மறுமுனையில் இருந்த வாசுகியின் வீடு. அதுவும் அவருடைய வகுப்புப் பிள்ளைதான். தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர், குணலட்சுமிக்குத் தூரத்து உறவும் கூட. விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணியும் வாய்ப்பனும் கொடுத்தார்கள். அவர் வாய்ப்பனைக் கடித்துத் தேத்தண்ணியை ஒரு முறடு குடித்தபோது வாசல் படலை அசைந்தது. சுகந்தமலர் நின்றாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. ரீச்சர் மறந்துவிட்டு வந்த குடை அவளுடைய கையில் இருந்தது.

"உதிலை படலையிலை கொளுவிப்போட்டுப் போ பிள்ளை" என்றாள் வாசுகியின் தாய்.

சுகந்தமலர் குடையைக் கொளுவினாள். ரீச்சரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். குணலட்சுமி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். ‘சின்னப் பிள்ளை, அதுக்கென்ன விளங்கப்போகுது’ என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

மறுநாள் காலைக் கதையில் சுகந்தமலர் தன் முறை வருமட்டும் பொறுக்காமல் கையை உயர்த்தினாள்.

"நேற்று ரீச்சர் எங்கடை வீட்டை வந்தவ. நான் தேத்தண்ணி ஊத்தினனான். ரீச்சருக்கு வயித்துக்குத்து, குடிக்கேல்லை. பேந்து வாசுகி வீட்டை போகேக்கை சுகம் வந்திட்டுது. அங்கை குடிச்சவ. அதுதான் நல்ல செய்தி."

அவள் நக்கலாகச் சொல்லவில்லை. ரீச்சருக்குச் சுகம் வந்துவிட்டதென்று உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னாள். ஆனால் பின்னுக்கு இருந்த இரண்டு பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். "அவையின்ரை வீட்டிலை ரீச்சர் குடிக்க மாட்டா. எங்கடை அம்மா சொன்னவ" என்றது ஒரு குரல். தட்டிக்கு அந்தப் பக்கம் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியையின் குரல் நின்றது.

குணலட்சுமியின் காதுமடல் கொதித்தது. ஒரு நொடி யோசித்திருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

"பொய் சொல்லக்கூடாது சுகந்தமலர். நான் வாசுகி வீட்டிலை ஒண்டும் குடிக்கேல்லை. என்ன வாசுகி?"

வாசுகி ரீச்சரைப் பார்த்தாள், சுகந்தமலரைப் பார்த்தாள், தலை குனிந்துகொண்டு, "ஓம் ரீச்சர்" என்றாள்.

சுகந்தமலர் குழம்பிப்போனாள். தான் கண்டதை அவள் மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு ரீச்சருக்கு உதவி செய்கிறவளைப்போல, "ஓம் ரீச்சர், நான்தான் பொய் சொல்லிப்போட்டன்" என்றாள்.

அன்று வாசிப்புப் பாடத்தில் அவளைக் கூப்பிட்டபோது எழும்பினாள், புத்தகத்தை விரித்தாள், வாசிக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. காலைக் கதையில் அவள் முறை வந்தால் தலையாட்டிவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைக் காட்டுவாள். ஒரு தவணை முழுக்கக் காத்திருந்து திறக்க வைத்த வாயை, தான் ஒரே வசனத்தில் மூடிவிட்டது குணலட்சுமிக்குத் தெரிந்தது. வீட்டில் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது அந்த ‘ஓம் ரீச்சர்’ காதில் விழும். வாசுகி சொன்னதும் சுகந்தமலர் சொன்னதும் ஒரே சொல். இரண்டு பிள்ளைகளைக் கொண்டு தன்னுடைய பொய்யைச் சுமக்க வைத்தாயிற்று.

கடைசியில் ஐசாக்கே கேட்டார். "அந்தப் பிள்ளை ஏன் திரும்பவும் கதைக்கிறேல்லை?"

குணலட்சுமி நிலத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். ஐசாக் கோபிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தகப்பன் செத்த வீட்டுக்கு நானும் போனனான். எனக்கு இளநீர் தந்தவை. நல்லா இருக்குதெண்டு குடிச்சனான். ஏன் இளநீர் எண்டு நான் கேக்கேல்லை ரீச்சர்." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போங்கோ எண்டு உங்களை அனுப்பினதும் நான்தான்" என்றார்.

குணலட்சுமி மறுபடி இரத்தினம்மாவின் வீட்டுக்குப் போனார். இந்த முறை கதிரை இல்லை. இரத்தினம்மா தோட்டத்து மண் காலோடு நின்றாள். குணலட்சுமி, தான் செய்தது பிழை என்றார். அழுதார். பிறகு, "எனக்குக் கொஞ்சம் தேத்தண்ணி தாங்கோ" என்று கேட்டார்.

"வேண்டாம் ரீச்சர்" என்றாள் இரத்தினம்மா. குரலில் கோபம் இல்லை. "இப்ப குடிச்சால் அது உங்கடை மனம் ஆறுறதுக்கு. குடிக்காட்டி எங்களுக்கொண்டும் குறையாது. உது எங்களுக்குப் பழக்கம். ஆனால் பிள்ளை இரவிலை என்னைக் கேக்கிறாள், ‘அம்மா, நான் கண்டது கனவோ, நான் பொய் சொல்லுற பிள்ளையோ’ எண்டு. உதுதான் என்னாலை பொறுக்கேலாமல் கிடக்கு. நீங்கள் செய்யவேண்டியது இஞ்சை இல்லை. பள்ளிக்கூடத்திலை."

அடுத்த நாள் காலைக் கதைக்குப் பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். குணலட்சுமியும் கதிரையை விட்டுக் கீழே பாயில் இருந்தார்.

"இண்டைக்கு முதல் நான் சொல்லுறன். இது நல்ல செய்தி இல்லை. அண்டைக்குச் சுகந்தமலர் பொய் சொல்லேல்லை. நான் வாசுகி வீட்டிலை தேத்தண்ணி குடிச்சனான். பொய் சொன்னது நான்தான். வாசுகியையும் சொல்ல வைச்சது நான்தான்."

வாசுகி விம்மத் தொடங்கினாள். பிறகு சுகந்தமலரின் குரல் வந்தது.

"அப்ப வயித்துக்குத்து?"

"அதுவும் பொய்."

"அப்ப ஏன் குடிக்கேல்லை ரீச்சர்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் இரவு முழுக்கப் பதில் தேடிப் பயந்தது. எட்டு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"சில ஆக்களின்ரை வீட்டிலை குடிக்கக்கூடாதெண்டு என்னைச் சின்னனிலை பழக்கினவை. அது பிழையெண்டு வளந்தாப்போலை எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் மாறேல்லை. உன்ரை தேத்தண்ணியிலை ஒரு குறையும் இல்லை."

சுகந்தமலர் மன்னித்ததாகக் காட்டவில்லை. பாயின் ஓரத்தில் பிய்ந்திருந்த ஓலையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு ஊருக்குள் போனது. வாசுகியின் தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளைகளுக்கு முன்னால் இதெல்லாம் என்ன கதை என்று சத்தம் போட்டாள். குணலட்சுமியின் கணவர் சிவசுப்பிரமணியம் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர். "ஊர் சிரிக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு கிழமை மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவையெல்லாம் குணலட்சுமிக்குப் பெரிதாகப் படவில்லை. சுகந்தமலர் அந்த ஆண்டு முடியும்வரை அவருடைய வகுப்பில் சத்தமாக வாசிக்கவில்லை என்பதுதான் பட்டது. கணக்குச் செய்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். பங்கருக்குள் போனால் வாசுகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரீச்சரின் மடிக்கு வரவில்லை.

நாலாம் வகுப்புக்குப் போனதும் அவள் வாசித்தாள். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் தெளிவாகக் கேட்டபோது குணலட்சுமி கரும்பலகையில் எழுதியதை நிறுத்தினார். பந்தி முடிகிற இடத்தில் அவள் இப்போது ஒருவருக்காகவும் நிற்கவில்லை.

தொண்ணூற்றுநாலு முடிகிறபோது குணலட்சுமிக்குக் கரவெட்டிக்கு இடமாற்றம் வந்தது. பிரியாவிடைக்குச் சக ஆசிரியை ஒருத்தி வாழ்த்துரை எழுதி, காலையிலேயே அவரிடம் காட்டினாள். அதில், ‘எல்லாப் பிள்ளைகளையும் வேறுபாடின்றி ஒரே கண்ணால் பார்த்தவர்’ என்று ஒரு வசனம் இருந்தது.

"இதை வெட்டிவிடுங்கோ" என்றார் குணலட்சுமி.

"சும்மா இருங்கோ ரீச்சர், எல்லாருக்கும் எழுதுறதுதானே" என்று அவள் சிரித்தாள், வெட்டவில்லை.

அதைக் கூட்டத்தில் வாசிக்கத் தெரிவானவள் ஐந்தாம் வகுப்புச் சுகந்தமலர். நன்றாகத் திறந்த குரலில் வாசித்துக்கொண்டு வந்தாள். அந்த வசனம் வருகிற இடத்தில் நின்றாள். தாளிலிருந்து கண்ணை எடுத்து, மாலையோடு முன்வரிசையில் இருந்த ரீச்சரைப் பார்த்தாள். குணலட்சுமி தலையாட்டவில்லை, குனிந்துகொண்டார். சுகந்தமலர் அந்த வசனத்தை விட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போனாள். கூட்டத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் வாசித்து முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள், குணலட்சுமியும் தட்டினார்.