டியூன் செய்த ஸ்கூட்டியும் என் கணவரும்

பாடசாலைக்குப் போய்வர என் ஸ்கூட்டியின் இழுவை போதவில்லை. நேற்று கராஜில் காபரேட்டர் ஜெட்டை மாற்றி, எஞ்சினை டியூன் செய்வித்தேன்.

"மெல்ல முறுக்குங்க டீச்சர், இனிப் பாயும்" என்றார் மெக்கானிக்.

இன்று பாடசாலை விட்டு வரும்போது, சாய்ந்தமருதில் என் கணவரின் பைக் முன்னால் போனது. ஆசை விடவில்லை. முந்திவிட்டேன். அபாயா, முகம் மறைக்கும் ஹெல்மட், ஊரில் பாதிப்பேரிடம் இருக்கும் அதே கறுப்பு ஸ்கூட்டி. அவருக்கு ஆள் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தவர் கொதித்தார்.

"ஒரு பொம்புள ஜின் மாதிரிப் போறா புள்ள! வீட்டுல கேக்க ஆளில்லையா?"

"ஓம், புருஷன் சரியில்ல போல" என்றேன்.

தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு நம்மட பைக்கையும் டியூன் பண்ணணும். அவள விடக்கூடா."

அவர் பேஸ்புக்கில் இல்லை, இந்தப் பதிவைப் பார்க்கமாட்டார். தெரிந்தவர்கள் சொல்லிவிடாதீர்கள். நாளை நான் எந்த வழியால் வீடு திரும்பலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.