வேலைக்காரன் விழுந்தான், ஒருத்தரும் சிரிக்கேல்லை

வேலை முடிஞ்சு களைச்சு வாற ஆக்களை வைச்சு நாடகம் பழக்கிறவைக்கு நெஞ்சு அடிக்கடி நிண்டு நிண்டுதான் ஓடும், உங்களுக்கும் அப்பிடித்தானே? நான் எடுத்தது விக்டோரியா ராணி காலத்து லண்டன் பகிடி நாடகம். ஒரே காட்சி. வீட்டுக்கார அம்மா வெளியிலை போக, வேலைக்காரன் அவவின்ரை கதிரையிலை இருந்து அவவைப் போலவே நடிச்சுக் காட்டுவான். கோப்பையும் உடைப்பான். லண்டன் சனம் உருண்டு சிரிச்சதாம். இத்தாலியிலை, பலெர்மோவிலை எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கோ. அடுப்பிலை சோறு, கெதியாச் சொல்லுறன்.

கை கேக்குதில்லை

போர்கோ வெக்கியோப் பக்கம், எங்கடை வீட்டு விறாந்தையிலை ஒத்திகை. வேலைக்காரனா ரஞ்சன் அண்ணை. நிசத்திலையும் ஒரு இத்தாலிக்கார சிஞ்ஞோரா அம்மா வீட்டிலை கனகாலமா வேலை. "கோப்பையைக் கீழை போடுங்கோ அண்ணை!" எண்டு கத்துறன். தட்டுச் சரியுது, அந்தாள் பாய்ஞ்சு பிடிக்குது. திரும்பவும் சரியுது, திரும்பவும் பிடிக்குது! எனக்கு வாய் மூடேல்லை. அவர் வேர்த்து விறுவிறுத்துச் சொன்னார்: "பிள்ளை, மனம் விடச் சொல்லுது, கைதான் கேக்குதில்லை."

முதல் மேடை

ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையிலை ஒரு மீன் சாப்பாட்டுக் கடை, பூட்டின நாள், பின்முற்றம். அண்டைக்கு அண்ணை உண்மையாவே போட்டு உடைச்சார், தானும் சறுக்கி விழுந்தார். சிரிப்பு வரும் எண்டு காத்து நிக்கிறன். செத்த வீடு மாதிரி அமைதி! சனம் முழுக்க இத்தாலியர் வீடுகளிலை வேலை செய்யிற எங்கடை ஆக்கள் எல்லோ. ஒரு அக்கா விளக்குமாத்தோடை மேடையிலை ஏறியிட்டா: "கெதியாக் கூட்டுங்கோ, சிஞ்ஞோரா வரப்போறா! நாங்கள் ஒருத்தரும் சொல்லமாட்டம்!"

முன்வரிசை

ரெண்டாம் மேடை, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரெயில் ஸ்டேசனுக்குக் கிட்ட ஒரு மண்டபம். "இந்தமுறை சிரிக்க வைக்கோணும் அண்ணை" எண்டு கெஞ்சினன். அவர் வீட்டுக்கார அம்மாவின்ரை சால்வையைப் போத்துக்கொண்டு கதிரையிலை இருந்தார். நெத்தியிலை புறங்கையை வைச்சு ஒரு பெருமூச்சு. கிளாசை வெளிச்சத்திலை பிடிச்சுப் பார்த்தார். அலுமாரியிலை விரலாலை தூசி தேடினார். மண்டபம் அதிருது! நான் துள்ளுறன். அவற்றை மனிசி வசந்தியக்கா என்ரை கையைப் பிடிச்சு இழுத்தா: "அவர் நடிக்கிறது அவற்றை சிஞ்ஞோராவையடி! அவ முன்வரிசையிலை இருக்கிறா. வேலை போனா இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவை எப்பிடிப் புதுப்பிக்கிறது?"

திரைக்குப் பின்னாலை

முடிஞ்சதும் சிஞ்ஞோரா நேரா உள்ளை வந்தா. அண்ணை சால்வையைக் கழட்டவும் மறந்து, வெளிறிப்போய் நிக்கிறார். சிஞ்ஞோராவுக்கு எங்கடை பாஷை ஒரு சொல்லும் விளங்காது, ஆனா கண்ணெல்லாம் தண்ணி. சிரிச்ச தண்ணி! நெத்தியிலை புறங்கையை வைச்சு, ஒரு பெருமூச்சு விட்டு இத்தாலியனிலை சொன்னா: "ரஞ்சன், அச்சொட்டா என்ரை மச்சாள்! அவவிட்டை வேலை செய்யிற ஆக்கள் பாவம்!"

நாடகம் பழக்கிற சகோதரங்களே, இந்தப் பகிடி இவ்வளவு காலமாத் தப்பிப் பிழைச்சதே, முன்வரிசையிலை இருக்கிறவைக்கு மேடையிலை தெரியிறது எப்பவும் வேறை ஆரோ எண்டு படுறதாலைதான்.