பாட்டுக்கு அடியில் இருந்த குலவை

மெமரி கார்டைப் பல்லில் கடித்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அவர்கள் என்னைத் தேடி வருகிறவர்கள் இல்லை. நான் முத்தையாபுரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் பாதியைப் பிளைவுட் வைத்துத் தடுத்து, நான்கு வருஷமாகச் சுடலைச்செல்விக்கு விட்டிருக்கிறேன். மெமரி கார்டில் அழிந்துபோன படங்களை மீட்டுத் தருவது அவள் தொழில். தடுப்புக்கு மேலே ஓர் அடி திறந்திருக்கும். அதனால் அங்கே நடக்கிற அசிங்கத்தில் எனக்கும் பங்கு வந்துவிடுகிறது.

அசிங்கம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. மீன் வண்டிக்காரர் ஒருவர் கொடுத்த கார்டில் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓர் அம்மா திருநீற்றுப் பொட்டலத்துக்குள் வைத்து மடித்துக் கொண்டுவந்தார், சாமி பார்த்துக்கொள்ளும் என்று. உப்பளத்தில் மேஸ்திரியாக இருப்பவர் ஒருவர், மழையில் நனைந்த கார்டைக் காயவைக்கிறேன் என்று ஒரு டப்பா கல்லுப்புக்குள் புதைத்து, எட்டு நாள் கழித்து எடுத்து வந்தார். கார்டின் தகடெல்லாம் பச்சை பூத்துப் பிசுபிசுவென்று இருந்தது. “உப்பு ஈரத்த இழுக்கும்லா அண்ணாச்சி,” என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நான் பேப்பர் அடுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

சுடலைச்செல்விக்கு நாற்பது வயது இருக்கும். எதைக் கொடுத்தாலும் இடுக்கியால்தான் வாங்குவாள். ஸ்பிரிட்டில் பஞ்சைத் தொட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே துடைப்பாள். துடைக்கும்போதே திட்டு ஆரம்பித்துவிடும். வெளி அழுக்குக்காக அவள் அவ்வளவாகத் திட்டுவதில்லை. படம் அழிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், அதே கார்டைப் போட்டு மேலும் பத்துப் படம் எடுத்துவிட்டு வருகிறார்களே, அவர்களைத்தான் காய்ச்சி எடுப்பாள்.

“ரேஷன் கார்டுல பேர வெட்டுனா ஆளு செத்தா போயிருவான்? வீட்டுக்குள்ளதான் இருப்பான். அதே மாதிரிதான். நீய அழிச்சாலும் படம் உள்ளதான் கெடக்கு, பேர்தான் போச்சு. அந்த வீட்ல வேற ஆளக் குடி வச்சாத்தான் பழைய ஆளு காலி. படம் போச்சுன்னு தெரிஞ்ச ஒடனே கார்ட வெளிய எடுத்து, புதுசா எதுவும் ஏறாம ஓரத்துல இருக்க பூட்டத் தள்ளிட்டு, நேரா இங்கன வரணும். புரியுதா?”

எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆறு மாசத்தில் அதே ஆள் அதே தப்போடு வந்து நிற்பான். இன்னொரு காப்பி எடுத்து வைத்துக்கொள் என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறாது.

இங்கே வருவதற்கு முன்னால் அவள் புதுக்கோட்டையில், நம்ம தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டைதான், பேச்சிராஜா என்கிறவனுடைய ஸ்டுடியோவில் ஒன்பது வருஷம் கல்யாண வீடியோ எடிட்டிங் பார்த்தாள். ஏன் விட்டாய் என்று நான் கேட்டதில்லை. அவளாகச் சொன்னது போன ஆவணியில், என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்துகொண்டு.

அன்றைக்குக் காலையில் பத்தரை மணி. சண்முகப்ரியா என்கிற பெண், ஏழு மாச வயிற்றோடு, வேர்த்து வடிய ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஏரல் பக்கத்து நெல் விவசாயக் குடும்பம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் பையனுக்கு வாக்கப்பட்டு எங்கள் ஊருக்கு வந்தவள். கல்யாணம் முடிந்து மூன்றாம் மாசம் அவளுடைய அம்மா செல்லத்தாய் காய்ச்சலில் போய்விட்டார். வருகிற வெள்ளிக்கிழமை இவளுக்கு வளைகாப்பு.

“அம்மா கொலவ போட்டா எங்க ஊரே திரும்பிப் பாக்கும்க்கா. நடவுக்கும் கூப்புடுவாவ, கோயில் கொடைக்கும் கூப்புடுவாவ. எனக்கு வளையல் போடையில அம்மா கொலவதான் மொதல்ல கேக்கணும். அவ கொரலு ஒண்ணுலயும் இல்லக்கா.”

“கல்யாண வீடியோ இருக்கும்லா?” என்றேன் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து.

“இருக்கு அண்ணாச்சி. மூணு மணி நேரம் இருக்கு. பூராவும் சினிமாப் பாட்டு. தாலி கட்டுற எடத்துல அம்மா வாயத் தொறந்து நாக்க ஆட்டுதா, பாட்டுதான் கேக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. என் மகள் கல்யாண வீடியோவும் அப்படித்தான். எங்கள் பக்கம் எவன் வீட்டுக் கல்யாணமானாலும் சரி, ஆட்கள் ஊமையாக வாயசைப்பார்கள், மேலே பாட்டு ஓடும். அதுதான் அழகு என்று நாங்களே கேட்டு வாங்குகிறோம். சண்முகப்ரியாவின் சொந்தக்காரர்கள் மூன்று பேர் போனில் எடுத்தார்களாம். மூவரும் பாட்டைச் சேர்த்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, போனில் இடம் அடைக்கிறது என்று மூலத்தை அழித்துவிட்டார்கள். செல்லத்தாயிடம் இருந்ததோ பட்டன் போன். செத்துப்போனவரின் குரல் மிச்சம் இருந்தால் அது ஸ்டுடியோக்காரனின் கார்டில்தான்.

“எந்த ஸ்டுடியோ?” என்று கேட்டாள் சுடலைச்செல்வி.

பேச்சிராஜா பேரைச் சொன்னதும் சுடலைச்செல்வியின் முகம் மாறிவிட்டது.

“ஒரு மாசமா கேக்கேன்க்கா. கார்டு பத்திரமா இருக்கு, தாரேன் தாரேன்னு இழுத்தாரு. இன்னைக்கிக் காலையில போன் போட்டா, ‘எம்மா, இப்பத்தான் பார்மேட் அடிச்சு அழிச்சேன், வேற கார்டு இல்ல, இங்கன புதுக்கோட்டை மண்டபத்துல ஒரு காதுகுத்து’ங்காரு.”

“இப்பமா? அதுலயா எடுத்துக்கிட்டு இருக்கான்?”

சுடலைச்செல்வி அவன் நம்பருக்கு நான்கு தடவை அடித்தாள். எடுக்கவில்லை. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அண்ணாச்சி, வண்டிய எடுங்க. அவன் எடுக்க எடுக்க இவ அம்மா அழிஞ்சுக்கிட்டே இருக்கா.”

சண்முகப்ரியாவைக் கடையில் உட்காரவைத்து, ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். பைபாஸில் லாரிக்குப் பின்னால் லாரி. சுடலைச்செல்வி பின்னாலிருந்து என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியில்தான் சொன்னாள்.

“அண்ணாச்சி, அந்தப் பாட்டு போடுற வேலைய அவனுக்குப் பழக்குனதே நாந்தான். மொதல்ல எல்லாச் சத்தத்தையும் ஒரே அமுக்கா அமுக்கிருவேன். கெழவி சிரிக்கது, புள்ள அழுவது, கொலவ, எல்லாம் எங்களுக்கு எரச்சல். நாலு பாட்ட வரிசையா ஒட்டி அவன் கம்ப்யூட்டர்ல வச்சிட்டு வந்தேன். இன்னைக்கும் அதத்தான் போடுதான்.”

நான் முன்னால் போன லாரியை முந்தினேன்.

“ஒரு தடவ ஒரு கல்யாணம் பூராத்தையும் அழிச்சிட்டான். பொண்ணு வீட்டுக்காரங்கட்ட வைரஸ் வந்துட்டுன்னு என்னயச் சொல்லச் சொன்னான். நானும் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னேன். என்னய நெனச்சா எனக்கே அருவருப்பா இருக்கு.”

மண்டபத்துக்குள் போனால் குழந்தை காது குத்து முடிந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. பேச்சிராஜா கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையப் பாக்கோடு, “மாமா சிரிங்க, மாமா சிரிங்க” என்று கொதகொதத்தான். கேமரா முன்னால் போய் நின்றாள் சுடலைச்செல்வி.

“நிறுத்துங்க.”

“ஏளா செல்வி, நீயா? தள்ளு, கேமராவ மறைக்கே.”

“இந்தக் கார்டு எனக்கு வேணும். பழைய கல்யாணம் உள்ள இருக்கு.”

“அது எப்பமோ பட்டுவாடா பண்ணியாச்சு. வீடியோவத்தான் குடுத்துட்டம்லா? பெறவு என்ன? இப்ப எடுத்ததுக்கு இவங்களுக்கு நா என்ன பதில் சொல்லட்டும்?”

“இன்னைக்கி எடுத்தத எடுத்தபடி சாயங்காலத்துக்குள்ள தாரேன். இல்லன்னா, மைக்க வாங்கி வைரஸ் கதைய இங்கனயே சொல்லுதேன்.”

அவன் மேடையைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கேமராவைத் தாழ்த்தினான். நான் கேமராவில் கார்டு இருக்கும் மூடியைத் திறந்து கார்டைப் பிடுங்கக் கை நீட்டினேன். சுடலைச்செல்வி என் கையைத் தட்டிவிட்டாள்.

“அவசரப்படாதீய. எழுதிக்கிட்டு இருக்கும்போது உருவுனா இருக்கதும் நாசமாப் போயிரும். மொதல்ல ஆஃப் பண்ணட்டும். அந்தச் செவப்பு லைட்டு அணையட்டும்.”

விளக்கு அணைந்தது. பேச்சிராஜா கார்டை எடுத்தான். எடுத்தவன், வேறு கார்டு தேட இரண்டு கையும் வேண்டும் என்று, அதைப் பல்லில் கடித்துக்கொண்டு பைக்குள் துழாவினான். பாக்கு எச்சில் உதட்டோரம் சிவப்பாக வழிந்தது. வேறு கார்டு இல்லை என்று காலையில் அந்தப் பெண்ணிடம் சொன்னவனுக்கு, பாக்குத் தூள் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து மூன்று கார்டு கிடைத்தது. எனக்கு அவனை அங்கேயே அறையலாம் போல இருந்தது. சுடலைச்செல்வி கைக்குட்டையை விரித்து நீட்டினாள். அவன் வாயிலிருந்து எடுத்து அதில் போட்டான். ஒரு மகள் அம்மாவின் குரலைத் தேடி அலைகிறாள், அது இவன் வாய்க்குள் ஊறிக்கொண்டிருந்தது.

கடைக்கு வந்ததும் அவள் முதலில் கார்டின் பூட்டைத் தள்ளினாள். ஸ்பிரிட் வைத்து நான்கு தடவை துடைத்தாள். கார்டை அப்படியே அச்சு அசலாகக் கம்ப்யூட்டருக்குள் காப்பி எடுத்தாள். அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. கார்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள்.

“ஏன்க்கா, கார்டுல பாக்கலியா?” என்றாள் சண்முகப்ரியா.

“அத இனிமே தொடக் கூடாதும்மா. தேடுறது, தோண்டுறது எல்லாம் காப்பிலதான். தப்பு நடந்தாலும் அசலு அப்படியே இருக்கும்.”

காதுகுத்து வீடியோ முழுசாக வந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்தாள். அதற்கு அடியில் பழைய கல்யாணத்தைத் தேடினாள். மாப்பிள்ளை அழைப்பு இல்லை. நலங்கு இல்லை. எல்லாவற்றின் மேலும் அந்தக் காதுகுத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாலி கட்டுக்குப் பிந்திய பகுதி ஒழுங்காகக் கிடைத்தது, பந்தி, மொய், வழியனுப்பு. அதில் செல்லத்தாய் எங்கோ தூரத்தில் இலை போட்டுக்கொண்டு நிற்கிறார். குரல் இல்லை. தாலி கட்டுகிற வீடியோத் துண்டு மட்டும் ஓடவே மாட்டேன் என்றது. அதன் தலைப்பக்கத்தைக் காதுகுத்து தின்றிருந்தது.

“நாம இன்னும் பத்து நிமிஷம் பிந்திப் போயிருந்தா இதுவும் கெடையாது,” என்றாள் சுடலைச்செல்வி.

அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரிக்கு வைத்து, உடைந்த துண்டைச் சரிசெய்யப் பார்த்தாள். இரண்டு தடவை தோற்றது. மூன்றாவது தடவை திரையில் ஏதோ அசைந்தது. படம் என்று சொல்ல முடியாது. பச்சையும் சாம்பலுமாகச் சதுரம் சதுரமாக உடைந்து வழிந்தது. மேளச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

கெட்டிமேளத்துக்கு மேலே எழும்பியது அந்தக் குலவை. பிளைவுட் தடுப்பு அதிர்ந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றவர்கள் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். சண்முகப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சட்டென்று குலவை நின்றது. பாக்கு மென்ற குரல் ஒன்று, கேமராவுக்கு வெகு பக்கத்தில்.

“எக்கா, கொலவ போடாதீய, மைக்கு கிழியுது. எப்படியும் பாட்டுதான் போடப்போறோம். சும்மா வாய மட்டும் அசைங்க போதும்.”

சுடலைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நான் கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஸ்பீக்கரில் செல்லத்தாய் பேசினார்.

“நீ ஒம் பாட்டப் போட்டுக்கோலே. எம் மவ கழுத்துல தாலி ஏறுது, நா வாய அசைக்கவா வந்தேன்?”

சுற்றி நின்ற பெண்கள் சிரிக்கிற சத்தம். அதற்கு மேல் மறுபடியும் குலவை, முதலில் போட்டதைவிட நீளமாக, மூச்சு வாங்கி இன்னொன்று. அதோடு துண்டு முடிந்தது. மொத்தம் ஐம்பத்தொரு விநாடி.

சண்முகப்ரியா அழுதுகொண்டே சிரித்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதற்கு மேலும் ஒரு தடவை. சுடலைச்செல்வி போனுக்கு ஒன்று, பென் டிரைவுக்கு ஒன்று, தன் ஹார்ட் டிஸ்கில் ஒன்று என்று மூன்று இடத்தில் ஏற்றப் போனாள். ஏற்றுவதற்கு முன், ஒன்பது வருஷப் பழக்கம், கை தானாக எடிட்டிங்கைத் திறந்துவிட்டது.

“வளைகாப்புல போடணும்லாம்மா. நடுவுல அந்த ஆளு பேசுறத வெட்டிட்டு, அம்மா கொலவய மட்டும் சேத்துத் தரட்டுமா?”

சண்முகப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வேண்டாம்க்கா. நீய ஒண்ணையும் வெட்டாதீய.”

சுடலைச்செல்வி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.