இடது இறக்கையில் ஒரு குளவி

காற்றுக்கு வழி வைக்காத தொட்டியைக் கண்டால் ராஜமாணிக்கம் அண்ணனுக்கு ஆகாது. அடுத்தவர் வீட்டு மாடியில் சின்டெக்ஸ் டேங்க் மூடி இறுக்கமாக இருந்தால்கூட நின்று விசாரிக்கிற ஆள். இப்படிப்பட்டவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார் என்று சொன்னால் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பப்போவதில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். அதனால் நம்பித்தான் ஆகவேண்டும்.

திருப்பாச்சூர்க்காரர். சொந்த நெல் வயல் இருந்தும் சேற்றில் இறங்காமல் டிப்ளமோ படித்து, வரைபடப் பலகைக்கு வந்தவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஷெட்டில் இருபத்திரண்டு வருடம் டேங்கர் லாரிக்குத் தொட்டி வரைந்தார். ஒருநாள் மதியம் யாரோ ஒருவன் தொட்டியை நீராவியால் கழுவிவிட்டு எல்லா மூடியையும் அடைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். மழை பிடித்தது. உள்ளே நீராவி குளிர்ந்ததும் பன்னிரண்டாயிரம் லிட்டர் இரும்புத் தொட்டி, எல்லோர் கண்முன்னும், மிதித்த தகர டப்பா மாதிரி உள்வாங்கி நொறுங்கியது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அண்ணன் அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லையாம்.

“உள்ள கீறது வெளிய போனா, வெளிய கீற காத்து உள்ள வந்தாவணும். தொட்டின்னா அவ்ளோதாம்மா” என்று என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

நான் ஹெலன். ரிவிட் அடிப்பவள். என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டார்கள். நான் பதினெட்டு வயதில் கம்பெனி பஸ் ஏறினேன். மூன்று வருடமாக அண்ணனும் நானும் ஸ்டீபன் சாரிடம் வேலை பார்த்தோம். சார் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயதில் பேரனைக் கொஞ்சாமல், சிப்காட் ஓரம் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, தன் கையாலேயே இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். முதல் தடவை அவரே தனியாக ஓட்டுவார் என்பதும் முடிவாகியிருந்தது.

அதில் பெட்ரோலுக்குத் தனித் தொட்டி கிடையாது. இறக்கையின் முன்பாதிதான் தொட்டி. சட்டங்களின் மேல் ஒரு ரூபாய்க் காசில் பாதிக் கனம்கூட வராத அலுமினியத் தகட்டைப் போர்த்தி, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் பசை தடவி, ரிவிட் அடித்து மூடவேண்டும். தொட்டியை வரைந்ததும் தகட்டைக் கணக்குப் போட்டதும் அண்ணன். நான் வெளியே அடிக்க, உள்பக்கம் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பவரும் அவரே. சாயங்கால ரயிலில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள்.

இடது இறக்கையின் அடித்தகட்டில் ஒரே ஒரு இடம் அடங்கவில்லை. கட்டை விரலால் அமுக்கினால் ‘டொக்’ என்று உள்ளே போகும்; எடுத்தால் ‘டொக்’ என்று வெளியே வரும். அண்ணனுக்கு நான்கு நாள் சோறு இறங்கவில்லை. மறுபடி வரைந்து, உள்ளே ஒரு கோணப் பட்டையை வைத்து அடித்ததும்தான் சத்தம் நின்றது. “இனிமே இது வாயத் தொறக்காது” என்றார்.

ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு வென்ட் குழாய். பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்றை உள்ளே விடும் வழி. விரல் நுழையாத அந்த ஓட்டை இறக்கை நுனிக்கு அடியில் இருந்தது. ஒழுகல் சோதனை முடிந்தபோது, பூச்சி நுழையாமல் இருக்க இடது குழாயில் மாட்டும் ரப்பர் மூடி காணாமல் போயிருந்தது. நான் புதிதாக வாங்கி வருவதாகச் சொன்னேன். வாங்கவில்லை. இதில் என் பங்கு அது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு குளவி ஈரமண்ணைக் கவ்விக்கொண்டு அதற்குள் போய் வந்துகொண்டிருந்தது. நான் கம்பியை எடுத்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மூன்று வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“தொடாத ஹெலன். செல்விக்கு மூணாவது மாசம்.”

அவர் மகள் தமிழ்செல்வி மீஞ்சூரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி ஏழு வருடம். இரண்டு முறை தங்காமல் போனது. குளவி கூடு கட்டினால் குழந்தை வரும், அதை உடைக்கக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போனமுறை அவர் வீட்டு வரைபலகைக்குப் பின்னால் கட்டிய கூட்டை இவரே ஸ்கேலால் தட்டிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமையே மீஞ்சூரிலிருந்து போன் வந்தது.

“நா இதெல்லாம் நம்பறவன் இல்லம்மா. ஆனா இன்னொருவாட்டி என் கையால முடியாது. குஞ்சு பறக்க இருவது நாளு. அப்பால நானே சுத்தமா எடுத்துடறேன்.”

நான் பைபிள் வாசிக்கிறவள். ஆனாலும் இன்றுவரை ஒரு குளவிக்கூட்டையும் உடைத்ததில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் குளவி சொன்னபடி கேட்கவில்லை. முதல் அறையை மூடி அடுத்ததைக் கட்டியது, அதை மூடி இன்னொன்று. இதற்கிடையில் சார் ஒரு சரிபார்ப்புத் தாள் கொண்டுவந்தார். அதில், வென்ட் குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு வரி. அண்ணன் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டார். காலியாக விட்டால் சார் குனிந்து பார்ப்பார். டிக் இருந்தால் பார்க்கமாட்டார். வென்ட் விஷயத்தில் அண்ணன் போட்ட டிக்கை யார் சந்தேகப்படுவார்கள்?

பதினெட்டாவது நாள் செல்விக்கு ரத்தம் கண்டது. அண்ணன் அன்று மாலையே மீஞ்சூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மறுநாள் காலை ஒன்பதரைக்கு சார் பெட்ரோல் கேன்களோடு வந்து இறங்கினார்.

“இதை ரன்வேக்கு ஏத்திட்டுப் போக லாரி நாளைக்கே வருது ஹெலன். இன்னைக்கு என்ஜினை ஓட்டிப் பாத்துடலாம். பர்மிஷன் கையில இருக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை பறந்துடுவேன்.”

நான் ஷெட்டுக்குப் பின்னால் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“பத்து மணிக்கு ஸ்கேன் எடுக்கறாங்கோ. துடிப்பு கீதா இல்லியான்னு அப்பதான் தெரியுமாம்” என்றார். குரலே அவருடையதாக இல்லை.

“அண்ணா, நான் எடுத்துடட்டா?”

“வேணாம். அந்தப் பாவம் உனக்கு எதுக்கு? நானே வரேன். அதுவரிக்கும் ஸ்டார்ட் பண்ண வுடாத.”

என்னால் முடிந்ததைச் செய்தேன். தீயணைப்பு சிலிண்டரைத் தேடினேன், கையில் வைத்துக்கொண்டே. ஜெபம் பண்ணிவிட்டு ஆரம்பிக்கலாம் சார் என்றேன். மனிதர் இரண்டே வரியில் ஆமென் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த டிக்கையும் சொல்லவேண்டும்.

பத்தே முக்காலுக்கு என்ஜின் பிடித்தது. இரண்டு தொட்டியும் நிறைந்திருந்தன. சார் இடது தொட்டியிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் வால்வைத் திறந்து வைத்திருந்தார். நான் அந்த இறக்கை ஓரமாக நின்றேன். இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. சார் வேகத்தைக் கூட்டினார். சிமெண்ட் தரைத் தூசியெல்லாம் பறந்தது. அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது.

டொக்.

பட்டை வைத்து அடக்கிய அதே இடம். தகடு உள்ளே குழிந்து போயிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தகடும் குழிந்தது. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு சாரின் கண்ணுக்குப் படும்படி ஓடினேன். அவர் நிறுத்துவதற்குள் என்ஜின் இருமித் தானே நின்றுவிட்டது.

சார் இறங்கி இறக்கைக்கு அடியில் கையை வைத்துத் தடவினார். குனிந்து குழாயைப் பார்த்தார். பிறகு போய் அந்தத் தாளை எடுத்து வந்தார்.

“எழுநூறு அடியில இது நின்னிருந்தா?” என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

பதினொன்றேகாலுக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து அண்ணன் இறங்கினார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சார் தாளை நீட்டினார்.

“தெரிஞ்சே போட்டீங்களா?”

“தெரிஞ்சேதான் சார்.”

சார் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். “எடுங்க” என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் இறக்கைக்கு அடியில் முட்டி போட்டார். கம்பியை விட்டார். மண் கட்டி கட்டியாக விழுந்தது. குஞ்சுக்காகத் தாய்க்குளவி அடைத்து வைத்த சிலந்திகள் விழுந்தன. கடைசியில் வெள்ளையாக ஒரு புழு அவர் உள்ளங்கையில் விழுந்து நெளிந்தது. குழாய் உஸ்ஸென்று காற்றை இழுத்தது. தகடு ‘டொக்’ என்று வெளியே வந்தது. அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் பையிலிருந்த போனில் மூன்று மிஸ்டு கால். மூன்றும் அவர் மனைவி பூவம்மாள் அக்காவிடமிருந்து. ரயிலில் அடித்திருக்கிறது, பயந்து எடுக்கவில்லை. “நீ பண்ணும்மா” என்று என்னிடம் நீட்டினார்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். “துடிப்பு நல்லா கீதாம் ஹெலன்! பத்து மணிக்கே பாத்துட்டாங்கோ. இந்த மன்சன் போனையே எடுக்கல பாரு!”

நான் கத்தினேன். “அண்ணா, துடிப்பு இருக்குதாம்! நல்லா இருக்குதாம்!”

அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தினி மணிக்குப் பாத்தாங்களாம்?”

“பத்து மணிக்கு.”

“நா உடைச்சது பதினொன்னரைக்கு” என்றார்.

இரண்டு மாதம் ஆகிறது. சார் புதுத் தகடு போட்டு, வேறு ஆளை வைத்துச் சரிபார்த்து, பறந்தும் விட்டார். அண்ணன் பழைய டேங்கர் ஷெட்டுக்கே திரும்பிப் போய் லாரித் தொட்டி வரைகிறார். தினமும் பதினொன்றரைக்குப் பேனாவை வைத்துவிட்டு மீஞ்சூருக்குப் போன் போடுகிறார். செல்வி எடுத்து, “நல்லாத்தான் கீறேன் நைனா” என்பாள். உடனே வைத்துவிடுவார். பிரசவத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.