டர்போவை அணைத்தது யார்?

1. என் கணினி ஏன் வேகமெடுக்கவில்லை.
2. அறையின் வெக்கைக்கும் அதற்கும் ஏன் சம்பந்தமில்லை.
3. போடி ஊர்க் கணினிக் கடைக்காரரை எப்படிப் பழிவாங்கினேன்.

இரண்டு பிராசஸர் கொண்ட என் பழைய ஒர்க்ஸ்டேஷன், குரங்கணித் தோட்ட வீட்டில் அடுப்பு மூட்டி ஏலக்காய் உலர்த்தும் அறையின் சுவரை ஒட்டி இருக்கிறது. போடி கடையில் சர்வீஸ் செய்த பிறகு, வேலை கூடும்போது தானாக வேகமெடுக்கும் டர்போ வரவேயில்லை.

கேட்டதற்குக் கடைக்காரர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "அடுப்புப் பக்கத்துல வச்சா அப்படித்தான் பெருசு. பேசாம சாமி கும்பிட்டுட்டு உக்காருங்க."

எனக்கு உடனே பதில் பேச வராது. வீட்டுக்கு வந்து பயாஸ் எனும் அடிப்படை அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டர்போ அணைக்கப்பட்டிருந்தது. படம் எடுத்துக்கொண்டு, தடயம் கலையக்கூடாதென்று அப்படியே விட்டுவைத்தேன்.

இன்று கடையில் கூட்டம் சேரும்வரை காத்திருந்து, படத்தை நீட்டினேன். "இதை அணைச்சது வெக்கையா, நீங்களா?"

அவர் தலை குனிந்து படத்தையே பார்த்தார். அன்றும் அங்கிருந்த ஜீப் டிரைவர் விடவில்லை. "என்னண்ணே, சாமி கும்பிடுறீகளா?"

கடைக்காரர் முகம் கறுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இனித்தது.

வீடு திரும்பி டர்போவை இயக்கினேன். முதல் பிராசஸர் பாய்ந்தது. சுவரோரம் இருந்த இரண்டாவது சூடேறி, உடனே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கணினியை முன்னறைக்கு மாற்றினேன். இப்போது இரண்டும் பறக்கின்றன.

ஆகவே குறிப்பு இரண்டு தவறு. கடைக்காரரின் நண்பர்கள் யாரேனும் இந்தக் குழுவில் இருந்தால், தயவுசெய்து இந்தப் பதிவை அவருக்கு அனுப்ப வேண்டாம்.