கூரை கழற்றும் ஜீப்

திருவனந்தபுரத்தில் எல்லாவற்றுக்கும் 'நோக்கு' உண்டு. துணிக்கடையில் புடவையை விரித்தால் 'நோக்கு', மீன்காரி செவுளைத் திறந்து காட்டினால் 'நோக்கு', பலகாரத்தைத் தின்று பார்க்கச் சொன்னாலும் 'கழிச்சு நோக்கு'. வலியசாலைக்குக் குடிவந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும். என் கணவர் சங்கரனின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, போனது திரும்பாது என்று கண் ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, அந்தச் சொல்லுக்குச் சிரிப்பது நின்றுபோயிற்று.

அம்பாசமுத்திரத்திலிருந்து தம்பி போனில் கூப்பிட்டான். "அக்கா, அத்தானக் கூட்டிக்கிட்டு இங்க வந்துரு. தெரிஞ்ச ஊரு, தெரிஞ்ச தெரு. கண்ணு மங்குனாலும் நடமாடிக்கிடுவாவ." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அவர் ஒப்பவில்லை. "அந்த ஊரு கண்ண மூடுனாலும் எனக்குத் தெரியும் கோமதி. இந்த ஊரத்தான் நான் பாக்கவே இல்ல." உண்மைதான். பிழைக்க வந்தவர்களுக்கு வந்த ஊரைப் பார்க்க எங்கே நேரம்? சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை, அதை விட்டால் வீடு. இருபது வருஷம் அப்படியே போயிற்று. பொன்முடி மலை எங்கே என்று கேட்டால் பஸ் போகிற திசையைக் காட்டுவார்.

பார்வை இருக்கும்போதே ஊரைப் பார்த்துவிடலாம் என்றுதான் ஜீப் பார்க்கப் போனோம். காருக்குள் உட்கார்ந்தால், மிச்சமிருக்கும் கொஞ்சப் பார்வையையும் கூரையும் கண்ணாடிச் சட்டமும் அடைத்துக்கொள்கின்றன என்றார். கூரையைக் கழற்ற முடியவேண்டும், ஏறி இறங்கத் தடுமாறாதபடி உள்ளே இடம் தாராளமாக இருக்கவேண்டும், கல்லிலும் மேட்டிலும் ஏறவேண்டும். நான் ஏசி வைத்த இரும்புக் கூரை வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விற்பனையாளர் சாவியை இவர் கையில் வைத்தார். "ஃபன், அட்வென்ச்சர், எல்லாம் இதில் உண்டு. சாரு ஒன்னு ஓடிச்சு நோக்கு."

"ஓட்டப்போறது நான்தான்," என்றேன். தினமும் ஆபீசுக்குக் கார் ஓட்டிப் போகிறவள் நான். மேடம் தமாஷ் பறயுன்னு என்று அவர் சிரித்தார். இவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். "துணிக் கூரை வச்சதே எடுப்போம்," என்று அங்கிருந்தபடியே சொன்னார்.

வண்டி வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் கூரையில் கைவைக்க முடியவில்லை. அதற்குள் அவர் வாசற்படியில் தடுக்கி விழுந்தார். தம்ளரை வைக்குமுன் மேசையைத் தடவ ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. கூரையைக் கழற்றிவிட்டுப் பொன்முடி அடிவாரத்துக் கல்லாறு வரை ஓட்டினேன். ஆற்றோரச் சாயாக்கடை முன் நிறுத்தியதும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே எழுந்து நின்றார். எதிரே மலை, மடிப்பு மடிப்பாக வெயிலில் துலங்கியது. அந்த மலைத்தொடருக்கு மறுபக்கம் அம்பாசமுத்திரம். அவர் முகத்தை மெல்ல அங்குமிங்கும் திருப்பினார்.

"மூடுபனியா கோமதி, இல்ல என் கண்ணா?"

"மூடுபனிதாங்க. எனக்கும் ஒண்ணும் தெரியல."

சாயா கொண்டுவந்த கடைக்காரர், நாங்கள் மலையைத் தேடுகிறோம் என்று மட்டும் புரிந்துகொண்டு, கையை நீட்டிக் காட்டினார். "அதா, மல நல்லோணம் காணாம்."

மலை நன்றாகத் தெரிகிறது என்கிறார். எங்கள் ஊர்க் காதில் அது 'காணோம்' என்று விழும். நான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

"இவரும் காணோம்ங்காரு," என்றார்.

இருபது வருஷம் மலையாளத்திலேயே வியாபாரம் செய்தவருக்கு அந்தச் சொல் தெரியாமலா இருக்கும்? அவர் மெதுவாக உட்கார்ந்து சாயாவை வாங்கிக்கொண்டார். பிறகு, இந்தப் பக்கத்து மலையைப் பார்த்து முகத்தை வைத்துக்கொண்டு, அதற்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் இந்நேரம் வெயில் எந்தெந்தத் தெருவில் விழுந்துகொண்டிருக்கும் என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்.