நாலு சக்கரமும் இழுக்கிற மீன் வண்டி

என் வீட்டுக்காரருக்கு ராத்திரி என்பது இரண்டு மணியோடு முடிந்துவிடும். தரங்கம்பாடிக் கரையில் ஏலம் ஆரம்பிக்கும் முன் வண்டியோடு போய் நிற்க வேண்டும். மீனை ஐஸில் அடுக்கி, குடவாசல், கும்பகோணம் என்று கடை திறக்கும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே பிழைப்பு. மீன்பிடித் தடைக்காலத்திலாவது படுத்திருப்பார் என்று பார்த்தால், அப்போது வெளியூர் மீன் எடுக்கப் போய்விடுவார். காலையில் கண் விழித்தால் பக்கத்தில் தலையணைதான் இருக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரே ஒரு நாள், விடிந்த பிறகும் இந்த மனுஷன் என் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். நகை நட்டு என்று நான் எதையும் கேட்டதில்லை, இதைத்தான் கேட்டேன்.

மகன் தலையெடுத்து, புது வண்டி வாங்கி, தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டான். அப்பாடா என்று இருந்தது. எங்கே? தெருவில் முதல் மீன் வண்டி ஹார்ன் அடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். சட்டையை மாட்டிக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் போய், மகனுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவார். அவன் என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அவரை வீட்டுல புடிச்சு வைங்க."

வீட்டில் வைத்தால் நடக்காது என்று எனக்குத் தெரியும். "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. ஏலமும் ஹார்னும் இல்லாத ஊரா இருக்கட்டும்" என்றேன். கொல்லிமலைக்குப் போகலாம் என்றார். பஸ் ஏறினால் முடிந்திருக்கும். ஆனால் கொல்லையில் நின்ற பழைய மீன் வண்டி அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"இதையே வீடாக்கிடறேன் பாரு. படுக்கை, அடுப்பு, எல்லாம் உள்ளயே. நெனச்ச எடத்துல நிறுத்தித் தூங்கலாம்."

பின்னால் இருப்பது ஐஸ் கரையாமல் இருக்கக் கட்டிய பெட்டி. இரண்டு தகரத்துக்கு நடுவில் கெட்டியாகத் தெர்மாகோல். வெயில் உள்ளே வராது, குளுகுளுவென்று இருக்கும் என்று அதற்கு ஒரு பெருமை. நாற்றம்? புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சை பிழிந்து தேய்த்தேன், பினாயிலை வாளி வாளியாக ஊற்றினேன். மூக்குக்குத் தெரியாத அளவுக்குப் போனது. பூனைகளின் மூக்குக்குத் தெரிந்தது. ஊரிலிருக்கிற பூனையெல்லாம் வண்டிக்கு அடியில் குடியேறிவிட்டன.

கட்டில், அடுப்பு, கூரையில் காற்றுக்கு ஒரு விசிறி, எல்லாம் மாட்டியாயிற்று. கிளம்பலாமா என்று கேட்டேன். அப்போதுதான் அந்த இழவு ஆரம்பித்தது.

"இது பின்சக்கரம் மட்டும் இழுக்கற வண்டி. மலையில எங்கயாவது சேத்துல மாட்டிக்கிச்சுன்னா? நாலு சக்கரமும் இழுக்கற மாதிரி மாத்திட்டுத்தான் போவணும்."

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு கார்த்திகை மாத அடைமழையில், குடவாசலுக்குப் பக்கத்தில், வண்டி ரோட்டை விட்டு நடவு வயலுக்குள் வழுக்கி இறங்கிவிட்டது. களிமண் சக்கரத்தை விடவில்லை. ஐஸ் கரைந்து, அத்தனை மீனும் வீண். அதை இன்னும் மறக்கவில்லை. அதற்காகத் தார் ரோடு போட்ட மலைக்கு இந்த ஆர்ப்பாட்டமா?

வேலைக்கு ஆள் யார் என்று கேளுங்கள். என் தம்பி. படகு எஞ்சின் மெக்கானிக். கடலில் ஓடுவது எதுவானாலும் பிரித்துப் பூட்டுவான்; தரையில் ஓடுவதை அதுவரை தொட்டதில்லை. "எஞ்சின்னா எஞ்சின்தாங்க்கா" என்று என்னையே மடக்கினான். மச்சானும் மச்சானும் சேர்ந்து உடைசல் கடைகளெல்லாம் அலைந்து, ஏதோ ஒரு பழைய ஜீப்பின் அச்சைக் கொண்டுவந்து முன்பக்கம் மாட்டினார்கள். மாட்டினார்கள், கழற்றினார்கள், மறுபடி மாட்டினார்கள். கொல்லை முழுக்கக் கிரீஸ். என் துவைக்கிற கல்லின் மேல் பல்சக்கரம். இதற்கெல்லாம் அனுமதி வாங்க அலைந்தது தனிக் கூத்து, அதை விட்டுவிடுகிறேன். குறுவை அறுத்து, சம்பா நட்டு, அதுவும் கதிர் வாங்கிவிட்டது. என் பயணம் மட்டும் கிளம்பவில்லை.

"நாளைக்குக் கெளம்பறோம்" என்று கடைசியில் ஒருநாள் சொன்னார். நானும் நம்பி, துணிமணி எடுத்து வைத்து, புளிச்சோறு கிளறிக் கட்டி, வண்டியில் ஏற்றினேன். சாயங்காலம் இரண்டு பேரும், "கடற்கரை மணல்ல ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துடறோம்" என்றார்கள். வேண்டாம் என்றேன். கேட்டால்தானே?

நானும் கூடப் போனேன். ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. வண்டி மணலில் இறங்கியது. இவர் புது கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி உறுமியது, குலுங்கியது, ஒரு அடி நகரவில்லை. பின்சக்கரம் முன்னால் போகச் சுற்றுகிறது, முன்சக்கரம் பின்னால் போகச் சுற்றுகிறது! இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டு, ஆளுக்கொரு பள்ளம் தோண்டி, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே வண்டி ரெண்டுபட்டு ஊருக்கே கொண்டாட்டம்.

என் தம்பி குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஜீப்போட பின்பக்கத்துப் பல்சக்கரப் பெட்டியைத் திருப்பி முன்னாடி மாட்டிட்டோம் போல இருக்குக்கா. அதான் எதிர்ப்பக்கமா சுத்துது."

"ஜாக்கி வச்சுத் தூக்கிப் பார்த்தேன்னு சொன்னியேடா?"

"சுத்துதான்னு பார்த்தேன். எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்க்கலியே."

தலையில் அடித்துக்கொண்டேன். படகை இழுக்கிற டிராக்டர்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார், காலையில்தான் வருவாராம். தம்பி மெல்ல நழுவிவிட்டான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் எங்கள் வீடு தெரிகிறது.

"சாமானையெல்லாம் போட்டுட்டு நான் வர முடியாது. நீ வீட்டுக்குப் போ" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. "நான் எங்கயும் போவலை. ஊருக்குப் போறேன்னு பெட்டியைக் கட்டினவ, இங்கயாவது படுத்துட்டுப் போறேன்."

புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டே, "ஏலக்கூடம் பக்கத்துலதான இருக்கு. ரெண்டு மணிக்கு எழுந்து ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்" என்றார்.

கூப்பிடு தூரத்தில் ஏலக்கூடம். வீட்டைவிடப் பக்கம். இதற்கா இத்தனை மாதம்? கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

கண் விழித்தபோது கூரை விசிறியின் இடுக்கு வழியாக வெயில் விழுந்திருந்தது. பழக்கத்தில் கையை நீட்டினேன். தோள் தட்டுப்பட்டது. வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு, ஆள் அசையாமல் கிடந்தார். ஏலம் நடந்து முடிந்திருக்கும், வண்டியெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிருக்கும். ஐஸுக்காகக் கட்டிய அந்தச் சுவர் ஒரு சத்தத்தையும் உள்ளே விடவில்லை. அந்த முகத்தில் நரைத்த தாடி முள்ளை வெயில் வெளிச்சத்தில் அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். எப்போது இப்படிக் கிழவரானார்?

தகரத்தில் யாரோ தட்டினார்கள். பதறிப்போய் இறங்கிக் கதவைப் பின்னால் மெல்லச் சாத்தினேன். காலடியில் பூனைகள். எதிரே டிராக்டர்காரர், கையில் கயிறு.

"அண்ணன் எங்கக்கா? கயித்தை எங்க மாட்டறது?"

"சத்தம் போடாதீங்க தம்பி" என்றேன். "போய் டீ குடிச்சிட்டு, வீட்டுக்கும் போயிட்டு, மெதுவா வாங்க. வண்டி எங்கயும் ஓடிடாது."